அறுபதுக்கு மேல் புதிதாக வரும் சந்தேகம், சோர்வு, பயம்: மனநோயா, டிமென்ஷியாவின் ஆரம்பமா?

காவிரிக்கரை | தஞ்சாவூர்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அதுவரை அம்மாவுக்கு மனநலப் பிரச்சினை என்று எதுவும் இருந்ததே இல்லை. வீட்டு வரவு செலவு, நகைக்கடன் வட்டி, நிலத்தின் குத்தகைக் கணக்கு எல்லாம் அவர் கையில்தான் இருந்தது, அப்பா கூட அவரைக் கேட்டுத்தான் பணம் வாங்கிக்கொண்டு போவார். இப்போது ஏழெட்டு மாதமாக ஆளே மாறிவிட்டார். கோயிலுக்குப் போவதில்லை. மார்கழி முழுக்க வாசலில் ஒரு கோலம் போடவில்லை, அண்ணிதான் போட்டார். பேரப்பிள்ளைகள் வந்தால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார்.

அப்புறம் சந்தேகம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அக்கா, வளையலை எடுத்துவிட்டார் என்று தெருவே கேட்கும்படி சண்டை. வளையல் அரிசி டப்பாவுக்குள், பழைய ஜாக்கெட் துணியில் சுற்றி, அடியில் கிடந்தது. எடுத்துக் காட்டினால், "மாட்டிக்குவோம்னு பயந்து திருப்பி வச்சிட்டா" என்கிறார். அந்த அக்கா அழுதுகொண்டே போனார், அதிலிருந்து வருவதில்லை.

குடும்ப டாக்டர் "துக்கம்தான், போகப் போக சரியாகும்" என்று ராத்திரிக்கு ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் "வயசானா அப்படித்தான்" என்கிறார். மனச்சோர்வு இருந்தால் டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் புத்தியும் மங்கிக்கொண்டே போகும் நோய், வரும் என்று எங்கேயோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. இது துக்கமா, டிப்ரஷனா, இல்லை டிமென்ஷியாவேதானா? முதலில் யாரிடம் அழைத்துப் போவது?

மலைக்கோட்டை | திருச்சி

பதறாதீர்கள். என் மாமியாரும் மாமா போன பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சின்ன நாத்தனாரின் பிள்ளைப்பேற்றுக்கு அழைத்துக்கொண்டு போனோம், குழந்தை கைக்கு வந்ததும் பழைய ஆளாகிவிட்டார். நாற்பது வருடம் கூட இருந்த துணை போனால் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் ஒன்று, அவர் யார் மேலும் திருட்டுப் பழி போட்டதில்லை. அந்த விஷயம் எனக்குப் புதிதாக இருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ராத்திரி டூட்டி | சென்னை

காவிரிக்கரை, நான் பல வருடமாக முதியோர் மனநலப் பிரிவில் நர்ஸ். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் எழுதியதில் "அதுவரை எதுவும் இருந்ததே இல்லை" என்கிற வரியை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முப்பது வயதிலிருந்து வந்து வந்து போகிற மனச்சோர்வு வேறு, அறுபதுக்கு மேல் முதல் தடவையாக முளைக்கிற மனச்சோர்வு வேறு. வாழ்நாளில் இல்லாத சந்தேகம், பயம், கோபம், ஒன்றிலும் பிடிப்பில்லாத தன்மை இதெல்லாம் வயதான காலத்தில் புதிதாக வந்து மாதக்கணக்கில் நின்றால், மனதை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது, மூளையையும் பார்க்க வேண்டும். இதற்கென்றே 2016-ல் ஒரு வரையறை வந்தது. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜாஹினூர் இஸ்மாயிலும் அவரோடு வேலை செய்தவர்களும் கொண்டுவந்தது. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி, குறைந்தது 6 மாதமாவது நீடிக்கிற நடத்தை மாற்றம். அதில் ஆர்வம் அற்றுப் போவதும், சோர்வும் பதற்றமும், அடக்க முடியாத கோபமும் பிடிவாதமும், நாலு பேர் நடுவில் பேசக் கூடாததைப் பேசுவதும், சந்தேகமும் இல்லாதது தெரிவதும் சேர்ந்தவை. இது இருக்கிற எல்லாருக்கும் டிமென்ஷியா வரும் என்று அர்த்தம் இல்லை. இல்லாதவர்களைவிட வருவதற்கு வாய்ப்பு கூடுதல், சிலருக்கு மறதி தெரிவதற்கு முன்பே இதுதான் முதலில் தெரிகிறது. மறதியைத்தான் நாம் தேடிக்கொண்டிருப்போம், இது கண்ணுக்கு முன்னால் நடந்தாலும் "குணம் மாறிப்போச்சு" என்று விட்டுவிடுவோம்.

துக்கத்தில் அழுகை வரும், போனவர் குரல் கேட்பது போல இருக்கும், சாப்பாடு இறங்காது, நல்ல நாள் கெட்ட நாள் மாறி மாறி வரும். பேரனைப் பார்த்தால் கொஞ்ச நேரமாவது முகம் மலரும். எட்டு மாதம் கழித்தும் ஏறிக்கொண்டே போவதும், கூடவே திருட்டுப் பழியும் துக்கத்தோடு பொருந்தவில்லை. வைத்த இடம் மறந்துபோய், அந்த இடைவெளியை மூளை "யாரோ எடுத்துட்டாங்க" என்று நிரப்பிக்கொள்வதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

டிப்ரஷனுக்கும் டிமென்ஷியாவுக்கும் இருக்கிற வித்தியாசத்தை வார்டில் சில நேரம் கேள்வி கேட்கும்போதே உணரலாம். "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டால் டிப்ரஷனில் இருக்கிறவர் யோசிக்கவே மாட்டார், "தெரியல, என்னை விட்டுடு" என்பார். தனக்கு ஞாபகமே இல்லை என்று அவரே குறைப்பட்டுக்கொள்வார். டிமென்ஷியா தொடங்கியவர் சமாளிப்பார். "இன்னைக்கு பேப்பரே வரலையே" என்பார், இல்லை கூட வந்த மகன் பக்கம் தலையைத் திருப்புவார். எந்தக் கேள்வி கேட்டாலும் அந்தத் தலை திரும்புகிறதா என்று டாக்டர்கள் கவனிப்பார்கள். குறை சொல்வது வீட்டாராக இருக்கும், அவரைக் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும், அதனால் வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு கட்ட முடியாது.

இன்னொரு ஆள் இருக்கிறார், இவரை எல்லாரும் தவற விடுவார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வந்திருந்தார். காலையில் பேப்பரை மடியில் விரித்தால் மதியம் வரை அதே பக்கம். அழுகை இல்லை, தூக்கக் கெடுதல் இல்லை, சாவைப் பற்றிய பேச்சு இல்லை. கவலையா என்று கேட்டால் இல்லை என்பார், அது உண்மையும் கூட. கவலை எல்லாம் அவர் மனைவிக்குத்தான். இப்படி உள்ளே எதையும் தொடங்கத் தோன்றாமல் போவது டிப்ரஷன் இல்லை, டிப்ரஷன் மாத்திரைக்கு அது பெரிதாக அசைந்தும் கொடுக்காது. டிமென்ஷியாவுக்கு முன்னால் அதிகம் காணப்படுகிற மாற்றங்களில் இது ஒன்று. "ரிட்டயர் ஆயிட்டார், நிம்மதியா உட்கார்ந்திருக்கார்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ரத்தப் பரிசோதனை: பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகம். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மறதியும் சேர்ந்தே வரும். பிரஷர் மாத்திரை சிலவற்றால் சோடியம் இறங்கி ஆள் மந்தமாவதும் உண்டு. சமீபத்தில் எங்காவது வழுக்கி விழுந்தாரா என்று கேளுங்கள். தலையில் லேசாக அடிபட்டு, வாரக்கணக்கில் உள்ளே மெதுவாக ரத்தம் சேர்ந்து, குணம் மாறி வந்தவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்து அறுவை சிகிச்சையில் சரிசெய்திருக்கிறார்கள். இரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் போனால் அது வேறு கதை, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர் வற்றிப் போவது இதில் ஏதாவது இருக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அந்தத் தூக்க மாத்திரை பெயர் என்ன என்று எழுதுங்கள்.

காவிரிக்கரை | தஞ்சாவூர்

அல்பிரசோலம். கூடவே கால் எரிச்சலுக்கு வேறொரு டாக்டர் கொடுத்த அமிட்ரிப்டிலின். சளிக்கு அம்மாவே மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்வதும் உண்டு.

ராத்திரி டூட்டி | சென்னை

மூன்றையும் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். அல்பிரசோலம் வகை மாத்திரை வயதானவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் மறதியையும் கொடுக்கும், விழுந்து இடுப்பெலும்பு உடைத்துக்கொண்டு வருகிறார்கள். அமிட்ரிப்டிலினும் பழைய வகை சளி மாத்திரையும் மூளையில் ஞாபகத்துக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. சிறுநீர் அடிக்கடி போகாமல் இருக்கக் கொடுக்கிற ஆக்ஸிபியூட்டினினும் அதே ஜாதிதான். இவை இரண்டு மூன்று சேர்ந்தால் நல்ல ஞாபகம் இருக்கிறவரே தடுமாறுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கொங்குச் செல்வி | கோவை

இழையைப் படித்துவிட்டு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. என் அக்காவுக்கு 34 வயதில் டிப்ரஷன் வந்தது, இப்போது 57. மாத்திரையில் நன்றாக இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஒன்றும் குறைவில்லை. மனச்சோர்வு இருந்தால் டிமென்ஷியா என்று பொதுவாக எழுதினால் இத்தனை வருடம் போராடி நிமிர்ந்து நிற்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அவரும் இந்தத் தளத்தைப் படிக்கிறவர்தான்.

பழைய பேனா | மதுரை

செல்வி, உங்கள் கோபம் நியாயமானது. புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்ற முறையில் இதில் ஆய்வுகள் சொல்கிற எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

லண்டன் அரசு ஊழியர்களை 1985-லிருந்து தொடர்ந்து பார்த்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது, ஒயிட்ஹால் 2 என்று பெயர். 10,189 பேரை 28 வருடம் பின்தொடர்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுவயதில் மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்களுக்கு டிமென்ஷியா கூடுதலாக வரவில்லை. வயதான பிறகு அறிகுறி வந்தவர்களுக்குத்தான் கூடியது. டிமென்ஷியா வந்தவர்களின் பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தபோது, நோய் கண்டுபிடிப்பதற்கு 11 வருடம் முன்பிருந்தே மற்றவர்களைவிட அவர்களுக்குச் சோர்வு அறிகுறி ஏறத் தொடங்கியிருந்தது. அப்படியானால் பிற்காலச் சோர்வில் ஒரு பகுதி டிமென்ஷியாவுக்குக் காரணமாக இல்லாமல், டிமென்ஷியாவின் முதல் படியாகவே இருக்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

ஆனால் 2023-ல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. சுமார் 14 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகள். அதில் மனச்சோர்வு எந்த வயதில் கண்டறியப்பட்டிருந்தாலும், இளவயதானாலும் சரி, டிமென்ஷியா வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டும் முரண் போலத் தெரியும். லண்டனில் கேள்வித்தாளில் டிக் அடித்ததை வைத்துக் கணக்கிட்டார்கள், டென்மார்க்கில் ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு என்று பதிவானவர்களை எடுத்தார்கள், அதாவது நோய் கடுமையாக இருந்தவர்கள். நான் இரண்டையும் தள்ளிவிட மாட்டேன்.

இப்போது உங்கள் அக்காவுக்கு வருகிறேன். இரண்டு மடங்கு என்றால் வந்தே தீரும் என்று காதில் விழுகிறது. அதே டென்மார்க் ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்களில் ஆய்வுக் காலத்துக்குள் டிமென்ஷியா வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குள்தான், இல்லாதவர்களில் மூன்று பேருக்குக் கொஞ்சம் மேல். மீதித் தொண்ணூற்று நாலு பேரைப் பற்றித் தலைப்பில் யாரும் போடுவதில்லை. லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய காரணிகள் 14 என்று பட்டியலிட்டது, அத்தனையும் இல்லாமல் செய்ய முடிந்தால் உலக டிமென்ஷியாவில் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று மதிப்பிட்டது. அதில் மனச்சோர்வின் பங்கு 3 சதவீதம். காது கேளாமைக்கு 7, கெட்ட கொழுப்புக்கு 7, தனிமைக்கு 5. அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள், பிரஷரையும் கொழுப்பையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிப்ரஷனில் இருக்கிறவர்கள் நடைப்பயிற்சி, சாப்பாடு, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அதிலேயே பாதி கெடுகிறது.

கொங்குச் செல்வி | கோவை

நன்றி ஐயா. இதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அவருக்குக் கூட ஒரு கேள்வி: சோர்வு இல்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் பதற்றம், நெஞ்சு படபடப்பு என்று இருந்தால்? எங்கள் அம்மாவுக்கு அது இருக்கிறது, 74 வயது. போன் அடித்தாலே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கை நடுங்கும்.

பழைய பேனா | மதுரை

பதற்றத்துக்கும் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூகாசில் பக்கத்து முதியவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். விடாமல் தொடர்ந்த பதற்றம், புதிதாக வந்த பதற்றம் இரண்டிலும் டிமென்ஷியா வாய்ப்பு மூன்று மடங்கை ஒட்டி. ஆனால் முதலில் பதற்றம் இருந்து பிறகு தணிந்துவிட்டவர்களுக்கு, பதற்றமே இல்லாதவர்களுக்கு இருந்த வாய்ப்புதான். ஒரே ஆய்வு, தணிந்ததால்தான் வாய்ப்பு குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை தரும் எண் அது. அம்மாவை "எப்பவும் பயந்த சுபாவம்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், பேச்சு வழிச் சிகிச்சையே பதற்றத்துக்கு நன்றாக வேலை செய்யும்.

பெயர் வேண்டாம்

இதைச் சொல்ல ஒரு வாரமாக யோசித்தேன். என் அப்பாவுக்கு 71. ஆறு மாதமாக அம்மாவைச் சந்தேகப்படுகிறார். பால் கொண்டு வருகிறவரோடு சேர்த்துப் பேசுகிறார், அம்மாவுக்கு 66 வயது. ராத்திரி எழுந்து வாசல் கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பார்க்கிறார், அம்மாவின் புடவையை முகர்ந்து பார்க்கிறார். அம்மா வெளியில் தலைகாட்டுவதில்லை. மனநலம் சரியாக வேண்டிப் போகிற குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போய்த் தங்கியிருந்து வந்தோம், அங்கே இருந்தவரைக்கும் கொஞ்சம் அமைதியாக இருந்தார், வீட்டுக்கு வந்ததும் மறுபடியும். ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. மனநல டாக்டரிடம் போகலாம் என்றால் சித்தப்பா வகையறா "பைத்தியம்னு முத்திரை குத்தப் போறீங்களா, தங்கச்சி கல்யாணம் நிக்கும்" என்கிறார்கள்.

ராத்திரி டூட்டி | சென்னை

எழுதியது நல்லது. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் இல்லை. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படுகிற வகை அல்சைமர், அதன் முதல் நோயாளியின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது. 1901-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்கு அவுகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்ணைக் கணவர் அழைத்து வந்தார். முதலில் தெரிந்த அறிகுறி, கணவர் மேல் சந்தேகம், பொறாமை. மறதி அதற்குப் பின்னால் வந்தது. அவர் 1906-ல் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் அலோயிஸ் அல்சைமர் என்ற டாக்டர் அந்த வருடமே டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் பேசினார்.

அதனால் "ஞாபகம் நன்றாக இருக்கிறது" என்பதை வைத்து மூளையில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். அப்பாவிடம் வேறு ஏதாவது கவனித்தீர்களா? கை நடுக்கம், சின்ன அடி வைத்து நடப்பது, தூக்கத்தில் கத்தி உதைப்பது, இல்லாத குழந்தைகளோ நாயோ அறையில் தெரிவது? இருந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவாக இருக்கலாம், அந்த வகைக்கு, சந்தேகத்தை அடக்கக் கொடுக்கிற ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகள் உடம்பையே முறுக்கிப் போட்டு உயிருக்கு ஆபத்தாகக் கூட முடியும். அதனால்தான் வயதானவர்களுக்குப் புதிதாக வருகிற சந்தேகத்துக்கு, யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறோம்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அவர் சத்தியம் செய்து நிரூபிக்க வேண்டியது இல்லை, எவ்வளவு நிரூபித்தாலும் அந்த மூளை ஏற்காது. வாதாடாமல் பேச்சை மாற்றுவதுதான் வழி. ராத்திரி அவரை அடிக்க வந்தால் அம்மா தனியாக இருக்கக் கூடாது, இதைக் கட்டாயம் யோசித்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாத நிலை என்றால் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சித்தப்பாக்களிடம் நரம்பு டாக்டரைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அதுவும் உண்மைதான்.

ரவி | சிவகாசி

எல்லாரும் மன்னிக்க வேண்டும், ஒரு கேள்வி. அல்சைமருக்குக் குணமாக்கும் மருந்து இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க எட்டு டெஸ்ட், ஸ்கேன் என்று வயதானவரை அலைக்கழித்துப் பெயர் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? என் தாத்தா கடைசிக் காலத்தில் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுவார், நாங்களும் "சொல்லுண்ணே" என்று பதில் சொல்லி நன்றாகத்தான் வைத்துக்கொண்டோம்.

மலைக்கோட்டை | திருச்சி

ரவி, உங்கள் தாத்தாவை நீங்கள் வைத்துக்கொண்ட விதத்துக்குக் கும்பிடுகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் ஆள் இருந்தார்கள். இங்கே தனியாக இருக்கிற அம்மா கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் போய்ப் படுப்பார், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனாவது கேட்டால் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுவார்.

ராத்திரி டூட்டி | சென்னை

ரவி கேட்டது எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. குணமாகாத நோய் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த வீடுகளில் நான் பார்த்தது, உள்ளே இருந்த டிப்ரஷனுக்கும் மருந்து போகவில்லை. சாப்பிடாமல், தூங்காமல், "என்னைக் கொண்டுபோயிடு சாமி" என்று அழுதுகொண்டு மாதக்கணக்கில் ஒருவர் படுத்திருப்பதை டிமென்ஷியா என்ற ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். டிமென்ஷியா இருந்தாலும் அந்தத் துன்பம் துன்பம்தானே. வயதானவர்கள் தற்கொலைப் பேச்சு பேசினால் தயவுசெய்து யாரும் அலட்சியப்படுத்தாதீர்கள். டிமென்ஷியா இல்லாமல் டிப்ரஷன் மட்டும் என்றால் சிகிச்சையில் ஞாபகமும் பெரும்பாலும் திரும்புகிறது, ஆனால் அப்படித் திரும்பியவர்களையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிலருக்குப் பின்னால் டிமென்ஷியா வெளியே வருகிறது.

அப்புறம் உயில், வங்கிக் கையெழுத்து, நிலப் பத்திரம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அவர் மனது தெளிவாக இருக்கும்போதே, அவர் விருப்பப்படி, அவரே செய்வார். மூன்று வருடம் கழித்துக் கைரேகை வாங்கிக்கொண்டு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவதை வார்டு வாசலிலேயே பார்த்திருக்கிறேன். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இதில் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும்?

வடமராட்சியான் | யாழ்ப்பாணம்

எங்கட அம்மாவுக்கு 70 வயது. 2009-இல் என் தம்பியைத் தொலைத்தவர், இன்றுவரை பிள்ளை எங்கே என்று தெரியாது. அந்தக் காலத்திலிருந்தே அவாவுக்கு நித்திரை இல்லை, திடுக்கிட்டு எழும்புவா, ஆனால் பகலில் தோட்டம், கோழி, கோயில் எண்டு ஓடித் திரிவா. இந்த இரண்டு வருசமாகப் பகலிலும் அந்த நாட்களுக்குள் போய்விடுகிறா. திருவிழா வெடிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் போவம் எண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுக்கிறா. தம்பிக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறா. போர் அதிர்ச்சிக்கும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பு இருக்கிறதா? இங்கே எத்தனை தாய்மார் இப்படி இருக்கிறார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

பழைய பேனா | மதுரை

ஐயா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 55 வயதைத் தாண்டிய முன்னாள் படைவீரர்கள் 1,80,000-க்கும் மேற்பட்டவர்களை ஏழு வருடம் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். போர் அதிர்ச்சி நோய் இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 6.6 சதவீதம் பேருக்கும் டிமென்ஷியா வந்தது. மற்ற காரணங்களைக் கழித்த பிறகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரும்பாலும் ஆண்கள், துப்பாக்கி பிடித்தவர்கள். பிள்ளையைத் தேடும் தாய்மாருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை.

ராத்திரி டூட்டி | சென்னை

வடமராட்சியான், இது இரண்டு பக்கமும் நடக்கும். அதிர்ச்சி டிமென்ஷியா வாய்ப்பைக் கூட்டும். டிமென்ஷியா தொடங்கும்போது, இத்தனை வருடம் வேலையாலும் மன உறுதியாலும் உள்ளே அடக்கி வைத்த பழைய அதிர்ச்சி மேலே வரும், ஏனென்றால் நேற்று நடந்தது அழிந்து பழையது கிட்டே வந்துவிடுகிறது. அம்மாவின் ஞாபகத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், 2009-ஐப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் சிகிச்சை பாதிதான் இருக்கும். வெடிச் சத்தம் உள்ள நாட்களில் அவரை முன்கூட்டியே வேறு இடத்துக்கு அழைத்துப் போக முடிந்தால் போங்கள். தம்பிக்கு வைக்கிற சோற்றை எடுக்காதீர்கள், திருத்தாதீர்கள். தம்பியைப் பற்றி நீங்களும் கூட உட்கார்ந்து கதையுங்கள்.

வடமராட்சியான் | யாழ்ப்பாணம்

நன்றி சகோதரி. சோற்றை நாங்கள் எடுப்பதில்லை.

காவிரிக்கரை | தஞ்சாவூர்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் "கால் எரிச்சலுக்கு நரம்பு டாக்டர்" என்று சொல்லித்தான் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாத்திரை அட்டைகளைப் பார்த்ததும் டாக்டர் அமிட்ரிப்டிலினை நிறுத்தச் சொன்னார், தூக்க மாத்திரையைப் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வருகிறோம். பி12 மிகவும் குறைவு, ஊசி போடுகிறார்கள். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, மூளைச் சுருக்கம் வயதுக்குக் கொஞ்சம் கூடுதல் என்றார்கள்.

மனநல டாக்டரையும் பார்த்தோம். பதினைந்து கேள்விகளை அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். வெளியே வந்த அம்மா என்னிடம், "உங்கப்பா போனப்புறம் யாரும் இப்படி நிதானமா என்னைக் கேட்கலை" என்றார். டிப்ரஷன் இருக்கிறது, மருந்து தொடங்கியாகிவிட்டது. ஞாபகப் பரிசோதனையில் எல்லைக்கோட்டில் இருக்கிறார், டிமென்ஷியா என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் இப்போது சொல்ல மாட்டேன், ஆறு மாதம் கழித்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்வோம் என்றார். நிச்சயமாக ஒரு பதில் வேண்டும் என்று போனவனுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

எதிர்பாராத ஒன்று காது. இடது காது பாதிதான் கேட்கிறது. நானும் அண்ணியும் அடுப்படியில் மெதுவாகப் பேசுவதை எல்லாம் தன்னைப் பற்றி என்று அம்மா நினைத்திருக்கிறார். காது மிஷின் வாங்கினால் டிமென்ஷியா வராமல் தடுக்குமா? விலை கொஞ்சம் கூடுதல், அண்ணன் யோசிக்கிறார்.

பழைய பேனா | மதுரை

2023-ல் அமெரிக்காவில் 977 முதியவர்களை வைத்து மூன்று வருடம் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஞாபகச் சரிவில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே டிமென்ஷியா வாய்ப்பு கூடுதலாக இருந்த குழுவில் சரிவு 48 சதவீதம் குறைந்தது. தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அம்மாவுக்கு அடுப்படிப் பேச்சு கேட்கும், அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பது என் கருத்து. அண்ணனிடம் சொல்லுங்கள், முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம், மிஷின் அங்கேயே கிடைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ராத்திரி டூட்டி | சென்னை

நல்ல டாக்டரிடம் மாட்டியிருக்கிறீர்கள், எல்லைக்கோடு என்று நேராகச் சொல்கிறவர்தான் வேண்டும். மருந்து வேலை செய்ய நாலைந்து வாரமாவது ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். டிப்ரஷன் மருந்திலும் வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கலாம், திடீரென்று மந்தமானாலோ குழம்பினாலோ அன்றைக்கே ரத்தம் பாருங்கள்.

இந்த ஆறு மாதத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்தப் பொருளைத் தேடினார், யாரைச் சொன்னார், தானாக எதைச் செய்தார், எத்தனை மணிக்குத் தூங்கினார். "மோசமா இருந்தார்" என்று எழுதினால் டாக்டருக்குப் பயன்படாது. குத்தகைக் கணக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவரையே போட விடுங்கள், எங்கே தடுமாறுகிறார் என்பது வேறு எதிலும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அந்த வேலைக்கார அக்காவைப் போய்ப் பாருங்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

காவிரிக்கரை | தஞ்சாவூர்

அக்காவைப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். நகையை எல்லாம் லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொன்னார், அதற்கு முந்தின நாள் அம்மாவையும் வங்கிக்குக் கூட்டிப் போய் அவர் கையாலேயே வைக்கப் போகிறோம்.